கோடு விழாத பெயர்கள்

கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்

அன்பு மகளுக்கு,

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ழான் போத்ரியாரைப் படித்துக்கொண்டிருப்பதாகவும், வளைகுடாப் போர் நடக்கவே இல்லை என்று அவர் எழுதியதை ஏற்க மனம் வரவில்லை என்றும் சொல்லியிருந்தாய். 1991-இல் ஒரு பிரெஞ்சு நாளிதழில் வந்த கட்டுரைகள் அவை. செத்தவர்களை அவர் மறுக்கவில்லை, மக்களே. போர் என்ற பெயரில் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது, முன்னமே வகுத்த திட்டமும் அதைக் காட்டிய தொலைக்காட்சியுமே என்றார். அதில் உண்மை உண்டு. ஆனாலும் அவரிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது நீ சென்னை விடுதியில் இருந்தாய். இங்கே கரண்ட் இல்லை. ரப்பர் மரங்கள் முறிகிற சத்தம் மட்டும் இரவெல்லாம் கேட்டது. நீ போனில், "டிவியில் விழுந்த மரங்களைத்தான் காட்டுகிறார்கள், கடலைப் பற்றி ஒன்றும் இல்லையே அப்பா" என்றாய். கேமரா போகக்கூடிய இடத்தில் மரங்கள் கிடந்தன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்களோ வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள்.

சில நாள் கழித்து நான் கடற்கரைக்குப் போனேன். கோவில் வாசலில் நோட்டுத்தாள்களை ஒட்டி, நீல மையில் பெயர்களை எழுதியிருந்தார்கள். லட்சத்தீவிலோ குஜராத்திலோ ஒருவர் கரையேறிய தகவல் வந்தால் அவர் பெயர் மேல் ஒரு கோடு விழும். ஒரு பெண் கோடு விழாத பெயர் ஒன்றின் மேல் விரலை வைத்தபடி, பின்னால் நெருக்கிய கூட்டத்துக்கு வழிவிடாமல் வெகுநேரம் நின்றார். டிசம்பர் 7-ஆம் தேதி மீனவர்கள் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோதுதான் கேமராக்களை நான் கூட்டமாகப் பார்த்தேன்.

பிம்பம் பெருகி மெய்யை மூடிவிடுவதைப் பற்றி போத்ரியார் நிறையச் சிந்தித்தார். பிம்பமே கிடைக்காத துயரம், நடந்தும் நடக்காததாகிவிடுவதை நம் கடற்கரை அனுபவித்தது. தேடுதலுக்கு ஒவ்வொரு மணி நேரமும் தேவைப்பட்ட நாட்களில் அது நேர்ந்ததால், இதை வெறும் தத்துவச் சிக்கலாக என்னால் பார்க்க முடியவில்லை.

உன் ஆய்வில் இதற்கும் இடம் கொடு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது சின்னத்துறைக்கு என்னோடு வா. கோடு விழாத பெயர்களின் வீடுகளில் சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
அப்பா