ஏலக்காய் கடைசியில்

குமுளி
ஆடி மாதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. இடது முழங்காலுக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. படி ஏற மட்டும் அவசரப்படாதே. இங்கே சாரல் விட்டபாடில்லை. பத்து நாளாகத் துணி காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்துகிறோம். ஏலக்காய்த் தோட்டங்களில் முதல் காய் எடுப்பு தொடங்கிவிட்டது. அதனால் மகனுக்கு ஜீப்பில் ஓய்வே இல்லை.

பேத்தி பெங்களூரிலிருந்து வாங்கி வந்த தேநீர் டிகாஷன் பாட்டிலைப் பற்றி எழுதியிருந்தாய். பாலில் இரண்டு கரண்டி ஊற்றினால் மசாலா தேநீர் தயாராகிவிடுகிறது, ஆனால் தித்திப்பைத் தவிர வேறொன்றும் நாக்கில் நிற்கவில்லை, இதை வீட்டிலேயே செய்ய முடியாதா என்று கேட்டாய். முடியும். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக அந்த டிகாஷன் இல்லாத நாளே கிடையாது.

அது வந்த காரணத்தைச் சொல்கிறேன். மகன் விடியற்காலை நாலரை மணிக்கு வண்டியை எடுக்கிறான். தமிழ்நாட்டு எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டி, லோயர் கேம்ப் வழியாகத் தேனிப் பக்கத்துக் கூடலூருக்கு இறங்கி, தோட்ட வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏற வேண்டும். அவனுக்கு ஒரு வாய் தேநீர் கொடுப்பதற்காக மருமகள் நாலு மணிக்கே எழுந்து இஞ்சி தட்டிக்கொண்டிருந்தாள். கைக்குழந்தைக்காரி, இரவெல்லாம் தூக்கம் கிடையாது. அந்த இடிக்கிற சத்தத்தில் குழந்தையும் விழித்துக்கொள்ளும். காப்பிக்கு டிகாஷன் இறக்கி வைப்பதுபோலத் தேநீருக்கும் வைத்தால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இப்போது அவனே பாலைக் காய்ச்சி, டிகாஷனை ஊற்றிப் பிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். கூடலூரில் முதலில் ஏறி உட்காரும் இரண்டு மூன்று பேருக்கும் அதிலிருந்து கொடுப்பான். குளிரில் அவர்களுக்கு அது பெரிய காரியம்.

செய்முறைக்கு வருகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர். இஞ்சி 40 கிராம், அதாவது கட்டைவிரல் நீளத்தில் இரண்டு துண்டு. தோலைச் சுரண்டிவிட்டு ஒன்றிரண்டாக இடி. மிளகு பத்து, கிராம்பு நாலு, விரல் நீளப் பட்டை ஒன்று, சோம்பு அரைத் தேக்கரண்டி. எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டு மூடி, சிறு தீயில் இருபது நிமிடம் கொதிக்க விடு. பட்டை வாங்கும்போது மட்டும் பார்த்து வாங்கு. தடித்து, முரட்டுத் தோலாக இருப்பது காசியா. காகிதம்போல மெல்லியதாகப் பல சுற்றாகச் சுருண்டிருப்பதுதான் உண்மையான இலவங்கப்பட்டை. இங்கே கறுவாப்பட்டை என்பார்கள். காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். நாள்தோறும் மிகுதியாகச் சேர்ந்தால் கல்லீரலுக்கு ஆகாது. எப்போதாவது பிரியாணிக்குப் போடுவது வேறு. தினமும் குடிக்கப்போகும் உனக்கு மெல்லிய பட்டைதான் வேண்டும்.

இருபது நிமிடம் ஆனதும் தட்டி வைத்த ஏலக்காய் பதினைந்தைத் தோலோடு போட்டு, ஒரே ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிடு. ஏலக்காயின் மணம் முழுவதும் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் தெருவே மணக்கும், தேநீரில் ஒன்றும் இருக்காது. இஞ்சியையும் பட்டையையும் போல அதை நடத்தக் கூடாது.

அடுப்பு அணைந்த பிறகுதான் தேயிலை. மணி மணியாக இருக்கும் சி.டி.சி. தூள் 40 கிராம் போட்டு, கிளறி, மூடி வை. ஐந்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம். உடனே வடிகட்டிவிடு. தூளைப் பிழியாதே, பிழிந்தால் துவர்ப்பெல்லாம் இறங்கிவிடும்.

“தேயிலையைக் கொதிக்க வைக்காமல் என்ன தேநீர்?” என்று நீ கேட்பாய், எனக்குத் தெரியும். அம்மாவும் கடைசிவரை அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா வண்டிப்பெரியாற்றுப் பக்கத்தில் முப்பத்து நாலு வருடம் கொழுந்து கிள்ளியவள். அவளுடைய தாத்தாவைக் கங்காணி அழைத்து வந்த காலத்தில் இந்த மலைகளில் பாதி இடம் காடுதானாம். விடுமுறைக்கு ஒருமுறை நீ எங்கள் லயத்துக்கு, அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வந்திருக்கிறாய். அம்மாவின் கையைப் பார்த்தாயா என்று தெரியவில்லை. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முதல் கணுவரை பழுப்புக் கறுப்பாக இருக்கும். நக இடுக்கில் இன்னும் கறுப்பு. புளி போட்டுத் தேய்ப்பாள், எலுமிச்சை மூடியால் தேய்ப்பாள், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வெளுக்கும். திங்கட்கிழமை மறுபடியும் பழைய நிறம். பிற்காலத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் பாடம் நடத்தும்போதுதான் அது எனக்குப் புரிந்தது. பச்சை இலையின் சாறு காற்றுப் பட்டுப் பழுப்பாகும் மாற்றம்தான் தேயிலையைத் தேயிலையாக்குகிறது. தொழிற்சாலையில் எந்திரம் இலையைக் கசக்கிச் செய்வது, அம்மாவின் விரலில் தானாக நடந்திருக்கிறது.

அப்படிப்பட்டவள் வீட்டில் தேயிலைத் தூளுக்குப் பஞ்சம். வாரக் கடைசியில் ஒரு பொட்டலம் வரும். காலையில் போட்ட தூளை அம்மா கொட்ட மாட்டாள். மத்தியானம் அதிலேயே தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைப்பாள், சாயங்காலம் மறுபடியும். நிறம் வரும்வரை கொதிக்கும். கசப்புதான் திடம் என்று நாங்கள் வளர்ந்தோம். நீண்ட நேரம் கொதிக்கவிடும் பழக்கம் எங்களுக்குத் தூள் போதாமல் வந்த பழக்கம், தோழி. திடம் வேண்டுமானால் தூளைக் கூட்ட வேண்டும், நேரத்தைக் கூட்டக் கூடாது. இதை அம்மாவிடம் சொன்னபோது, “தூளைக் கூட்டுவதற்கு அப்போது யார் கொடுத்தார்கள்?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசி வருடங்களில் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்று டப்பாவையே அவள் பக்கத்தில் வைத்தேன். அப்போதும் ஒரு கரண்டிதான் போடுவாள்.

வடிகட்டியது முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். சூடு இருக்கும்போதே 150 கிராம் சர்க்கரை சேர்த்துக் கரைக்கலாம். உனக்கு நீரிழிவு இருப்பதால் சேர்க்காதே. வெல்லம் போடலாமா என்று கேட்காதே. சில வெல்லத்தில் இருக்கும் புளிப்பு, கொதிக்கும் பாலைத் திரித்துவிடும். ஆறியதும் நன்றாகக் கழுவி வெந்நீர் ஊற்றிக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வை. சர்க்கரை இல்லாததை நான் ஐந்து நாளுக்குமேல் வைப்பதில்லை. எடுக்கும் கரண்டியில் ஈரம் இருக்கக் கூடாது.

குடிக்கும்போது பாதி டிகாஷன், பாதி கொதிக்கும் பால். ஒரு முறை செய்தால் ஒன்பது டம்ளர் கிடைக்கும். வெகுநேரம் அடுப்படியில் நிற்க முடியாத உனக்கு இதைவிட வசதி கிடையாது. விருந்தாளி வந்தால் பாலை மட்டும் பொங்கவிட்டால் போதும். இன்னொரு லாபமும் உண்டு. பச்சை இஞ்சியை நேராகப் பாலில் தட்டிப் போட்டுப் பால் திரிந்துபோன அனுபவம் உனக்கும் இருக்கும். இஞ்சியில் ஜிஞ்சிபைன் என்று ஒரு நொதி இருக்கிறது. அது பாலின் புரதத்தை வெட்டிவிடும். நல்ல சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும். டிகாஷனில் இஞ்சி இருபது நிமிடம் வெந்திருப்பதால் பால் ஒருநாளும் திரியாது.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீயும் நான் செய்ததையே செய்வாய். முதல் தடவை செய்து வைத்துவிட்டு மறுநாள் காலையில் பாட்டிலை எடுத்துப் பார்க்கிறேன், இரவில் செந்தேன்போலத் தெளிவாக இருந்தது ஆற்று வெள்ளம்போலக் கலங்கிக் கிடக்கிறது. கெட்டுவிட்டது என்று முழுவதையும் தொட்டியில் கொட்டினேன். அதற்கு மறுநாளும் அப்படியே. இந்தத் தடவை கொட்டாமல் ஒரு கரண்டியைச் சில்வர் கிண்ணத்தில் ஊற்றிச் சுடவைத்துப் பார்த்தேன். கண் முன்னாலேயே கலங்கல் ஓரத்திலிருந்து கரைந்து, கிண்ணத்தின் அடி தெரிந்தது. தேயிலையில் இருக்கும் காஃபீனும் நிறப் பொருள்களும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் கலங்கல் அது, சூடானால் பிரிந்துவிடும். நல்ல திடமான டிகாஷனில்தான் அப்படி வரும். ஆகையால் கலங்கலைப் பார்த்துப் பயப்படாதே. புளித்த வாடை வந்தாலோ, மேலே நுரை கட்டினாலோதான் கொட்ட வேண்டும்.

சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதே. உணவிலிருக்கும் இரும்புச் சத்தைத் தேநீர் உடம்பில் சரியாகச் சேரவிடாது. இரத்தம் குறைவாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதாக எழுதியிருக்கிறாயே, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு.

இத்துடன் பார்சலில் கால் கிலோ ஏலக்காய் அனுப்புகிறேன். மகன் ஆள் ஏற்றிச் செல்லும் தோட்டத்துக் காய். ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கூடத்தில், உலர்த்தி இறக்கி ஒரு வாரம்தான் ஆகிறது. ஒரு காயைப் பிரித்துப் பார். விதை கறுத்து, விரலில் லேசாக ஒட்டினால் நன்றாக முற்றிய காய். வெளுத்து உதிர்ந்தால் இளசாகப் பறித்தது. மேல்தோல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அதில் மணம் இருக்காது. ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோதான் நிற்கும். போடியிலும் புற்றடியிலும் ஏலம் நடக்கும் நாளில் விலை எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. 2018 கேரள வெள்ளத்துக்கு அடுத்த வருடம், ஆகஸ்டில், புற்றடியில் கிலோ 7,000 ரூபாய்வரை போனது நினைவிருக்கிறதா? அந்த வருடம் இங்கே மளிகைக் கடையில் ஏலக்காயை எண்ணிக் கொடுத்தார்கள். பறித்த பெண்களின் கூலி மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை. கூடலூரில் ஏறும் ஒரு அக்காள் மகனிடம் சொன்னாளாம், “நான் பறிக்கிற காய் என் வீட்டு டீயில் விழுந்து பார்த்ததே இல்லை, தம்பி” என்று. அன்றிலிருந்து அவன் பிளாஸ்க்குக்கு மட்டும் ஏலக்காய் இரண்டு கூடுதலாகத் தட்டிப் போடுகிறேன்.

காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாமல் காயாகவே வை. பொடித்து வைக்காதே, சீக்கிரமே மணம் குறைந்துவிடும். பேத்தி ஊருக்குப் போவதற்குள் ஒரு பாட்டில் போட்டு அவளுக்கும் கொடுத்துவிட்டு எழுது. இஞ்சி உறைப்பு அதிகம் என்று அவள் சொன்னால் பத்து கிராம் குறைத்துக்கொள். உனக்குக் குறைக்காதே.

அன்புடன்,
உன் தோழி