‘தக்க ஏற்பாடு’ எப்போது? நைஜீரிய நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

அபுஜாவில் கூடும் செனட், பிரதிநிதிகள் அவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் அரசமைப்பின் 55-ஆம் பிரிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாடாளுமன்ற அலுவல் ஆங்கிலத்தில் நடக்கும். தக்க ஏற்பாடுகள் செய்யப்பட்டதும் ஹவுசா, இக்போ, யொருபா மொழிகளிலும் நடக்கும் என்கிறது அது. இந்த வாசகம் 1979 அரசமைப்பிலேயே இருந்தது. 1999 அரசமைப்பிலும் அப்படியே ஏறியது. ஏற்பாடு மட்டும் இன்னும் ஆனபாடில்லை.

நான் வெளியாள்தான். எழுபதுகளின் கடைசியில் உங்கள் மேற்கு மாநிலங்கள் மளமளவென்று பள்ளிகளைத் திறந்தபோது இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய ஆசிரியர்களில் ஒருவன். யொருபா பேசும் ஓயோ மாநிலத்தில் கணக்குப் பாடம் எடுத்தேன்.

முதல் மாதம், வட்டிக் கணக்கு ஒன்றை ஆங்கிலத்தில் மூன்று முறை விளக்கினேன். “யெஸ் சார்” என்றது வகுப்பு முழுவதும். நோட்டில் ஒருவரும் ஒரு வரி போடவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவர்களிடம் யொருபாவில் இரண்டே வாக்கியம் சொன்னான். அத்தனை பேனாவும் ஓட ஆரம்பித்தது. அன்று மாலை அவனுக்கு அபராதம் விழுந்தது, வளாகத்தில் தாய்மொழி பேசியதற்காக. நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அது உறுத்துகிறது.

அப்புறம் அவனிடமே யொருபாவில் எண்ணக் கற்றுக்கொண்டேன். நாற்பத்தைந்து என்பது அங்கே ‘ஐம்பதுக்கு ஐந்து குறைவு’. அந்த ஐம்பதோ ‘மூன்று இருபதுக்குப் பத்து குறைவு’. பெருக்கலும் கழித்தலும் ஒரே சொல்லுக்குள்! நூறையும் ஆயிரத்தையும் சொல்லுக்குள்ளேயே வைத்துத் தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று எண்ணி வளர்ந்த எனக்கே மலைப்பாக இருந்தது. இப்படி எண்ணத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு வராது என்று எப்படிச் சொல்வது?

இதை நிரூபிக்க உங்களுக்கு வெளியாள் தேவையில்லை. 1970-இல் யொருபா நகரமான இலே-இஃபேயில் பேராசிரியர் பாப்ஸ் ஃபஃபுன்வா குழுவினர் ஆறு வருடத் தொடக்கக் கல்வி முழுவதையும் யொருபாவில் நடத்திப் பார்த்தார்கள். ஆங்கிலம் தனிப்பாடமாக இருந்தது. பாதியில் ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைகளைவிட அவர்கள் பாடங்களில் மேலாகவே வந்தார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை.

2022-இல் ஆறாம் வகுப்பு வரை தாய்மொழி வழி என்று அரசு கொள்கை வகுத்தது. பாடநூலும் ஆசிரியர்களும் தயாரானதும் முழுமையாக நடைமுறைக்கு வரும் என்றார் அன்றைய அமைச்சர். மறுபடியும் அதே ‘ஏற்பாடு’. 2025 நவம்பரில் கொள்கையையே கைவிட்டார்கள். தாய்மொழி வழியைப் பின்பற்றிய பகுதிகளில் பள்ளி இறுதித் தேர்வில் பலர் தோற்றது காரணமாகச் சொல்லப்பட்டது. சற்று யோசியுங்கள்: 2022-இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை அப்போது நான்காம் வகுப்பில்தான் இருந்திருக்கும், இறுதித் தேர்வுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஐந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாட்டில் மூன்றை மட்டும் உயர்த்தினால் மற்றவர்கள் மனம் நோகும் என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது. வடகிழக்கில் கனூரி மொழி பேசும் வீட்டுக் குழந்தைக்கு ஹவுசாவும் படித்துப் பெற வேண்டிய மொழிதான். ஆனால் மாநில அவைகள் தீர்மானம் போட்டுத் தங்கள் மக்களின் மொழியையும் பயன்படுத்தலாம் என்று 97-ஆம் பிரிவு வழி திறந்து வைத்திருக்கிறது. பெனுவே மாநில அவையில் அங்கே பேசப்படும் திவ் மொழி ஒலிக்க எந்தத் தடையும் இல்லை. நீங்கள் முதல் அடி வைத்தால் அவர்களுக்கும் தைரியம் வரும்.

இன்னொன்று. குற்றம் சாட்டப்பட்டவருக்கு விசாரணை மொழி புரியாவிட்டால் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்கிறது 36-ஆம் பிரிவு. கூண்டில் நிற்பவருக்குத் தருகிறீர்கள், சரி. தன் ஓட்டால் உங்களை அனுப்பி வைத்த சந்தைக்கார அம்மாவுக்கு ஏன் தரவில்லை?

ஆங்கிலத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் எந்தத் தேதியிலிருந்து அவையில் உட்காருவார்கள், எத்தனை பேர், யார் பொறுப்பு என்று ஒரு தீர்மானம் போடுங்கள். அதை நான்கு மொழியிலும் அச்சிட்டு வெளியிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்