சேறு அள்ள வந்தவர்களுக்கு

அன்புள்ளவர்களே, கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

ஒரு வருடம் தாமதமாகத்தான் இதை எழுதுகிறேன். நேற்று ராத்திரி 2024-ஐ வழியனுப்புகிற ஆராதனையில், 12 மணி அடிக்குமுன் எல்லோரும் முழங்காலில் இருந்தபோது, என் கண் சுவருக்குப் போய்விட்டது. வெள்ளையடித்த பிறகும் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளம் நின்ற கறையை அப்படியே விட்டு வைத்திருக்கிறோம். நின்றால் என் இடுப்புக்கு மேலே வரும். அதைப் பார்த்ததும் நீங்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தீர்கள். ஜெபம் அன்றைக்கு அதுதான்.

எங்கள் ஊர் ஏரல் பக்கம், தாமிரபரணிக் கரை. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையில் குடை பிடித்துக் கோவிலுக்குப் போனோம். மறுநாள் விடிவதற்குள் ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்பதெல்லாம் அப்புறம் பேப்பரில் படித்ததுதான். மாடிப்படியில் இன்னும் எத்தனை படி நனையாமல் இருக்கிறது என்பது மட்டும்தான் அப்போது எங்களுக்குக் கணக்கு. ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்ட செந்தூர் எக்ஸ்பிரஸை நாடே டிவியில் பார்த்தது. எங்கள் தெருவுக்குக் கேமரா வரவில்லை, வள்ளம் வந்தது.

கடற்கரையிலிருந்து வள்ளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த அண்ணன்மாரே, உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. மாமியாரைத் தூக்கி இறக்கும்போது, "பாட்டி, கடல்ல இதவிடப் பெரிய அலையெல்லாம் பாத்துருக்கோம், பயப்படாதீங்க" என்றீர்களே, அவர்கள் இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்கிறார்கள். பள்ளிவாசலிலிருந்து மூன்று நாள் சோறு கொண்டுவந்த பாய்மார்களுக்கும், ஈரப் பாயைச் சுருட்டி எறிந்துவிட்டுத் தன் வீட்டுச் சேலைகளை எங்களுக்கு விரித்துக் கொடுத்த மேலத்தெரு அக்காவுக்கும் நன்றி.

நான் தையல்காரி. கிறிஸ்மஸ் சீசன், வீட்டில் 23 ஜாக்கெட் வெட்டி வைத்திருந்தேன். அத்தனையும் சேற்றோடு சேறு. துணிக்கு உரியவர்கள் வந்தபோது சண்டைக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்து உள்ளே போய் நின்றுகொண்டேன். நீங்களோ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தீர்கள். அந்தச் சேற்றின் நாற்றம், அதில் நெளிந்த அட்டை, சுவரோரம் செத்துக் கிடந்த கோழி, எதற்கும் நீங்கள் மூக்கைப் பொத்தவில்லை. ஒருத்தி மட்டும் தன் பட்டு ஜாக்கெட் துண்டைக் கண்டெடுத்து ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அதையே பிடித்துணியாக்கிச் சட்டியை இறக்கினாள்.

பாளையங்கோட்டையிலிருந்து பஸ் மாறி மாறி வந்த மெக்கானிக் அண்ணாச்சிக்கும் ஒரு கும்பிடு. மெஷினைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாக மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, பாபின் கேஸுக்குள் இருந்த மணலை ஊக்கு முனையால் நோண்டி எடுத்தீர்கள். கூலி கேட்டதற்கு, "ஓடட்டும், பாப்போம்" என்றீர்கள். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அண்ணாச்சி. கூலியைத்தான் நீங்கள் இன்னும் வாங்கவில்லை.

இனி எங்கள் சபைப் போதகர் ஐயருக்கு. அந்த வருட முடிவு ஆராதனையில் பாய் இல்லை, சாக்கு விரித்து உட்கார்ந்தோம். புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வசனமாகக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டைக் கட்டு வெள்ளத்தோடு போய்விட்டதால், உபதேசியார் நோட்டுத் தாளைக் கிழித்து வசனங்களைக் கையால் எழுதி வைத்திருந்தார். எனக்கு வந்தது ஏசாயா 43:2. "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன்; நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை." எனக்கு வந்ததே ஒரு கோபம்! புரண்டதே? அலமாரிக்கு மேலேயே புரண்டதே? ஆராதனை முடிந்ததும் அந்தச் சீட்டை ஐயர் முன்னால் நீட்டினேன். அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்துவிட்டு, "தெரியலம்மா, எனக்கும் இந்தக் கேள்வி இருக்கு" என்றார். ஒரு பிரசங்கமே பண்ணியிருக்கலாம் அவர். பண்ணியிருந்தால் அடுத்த ஞாயிறு நான் கோவிலுக்கு வந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அந்தச் சீட்டு இப்போதும் மெஷின் டிராயரில்தான் இருக்கிறது. முதல் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். உங்கள் முகங்களை வைத்துத்தான் ஏற்றுக்கொண்டேன். இரண்டாம் பாதி எனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் இன்னும் பாக்கி.

நம்பிக்கை என்று யாராவது சொன்னால் எனக்கு 2024 ஜனவரி முதல் வாரம்தான் ஞாபகம் வரும். மெஷின் பாகம் பாகமாகச் சாக்கில் கிடக்கிறது. கீழத்தெருப் பிள்ளை ஒருத்தி அளவு ஜாக்கெட்டும் புதுத் துணியும் 50 ரூபாயுமாக வந்து நின்றாள். "அக்கா, ஈஸ்டருக்குத் தச்சுத் தாங்க." சாக்கைக் காட்டினேன். "அதான் மார்ச் 31 வரைக்கும் நாள் இருக்குல்ல" என்று துணியை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். விசுவாசத்தைப் பற்றி எபிரெயர் 11-ல் எவ்வளவோ படித்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு அந்த அதிகாரம் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. மகளே, உன் ஜாக்கெட்டுக்குக் கை கொஞ்சம் இறுக்கமாகிவிட்டது. கொண்டு வா, பிரித்துத் தருகிறேன்.

கடைசியாக ஒன்று. சோறு வந்த பெரிய தேக்சா ஒன்று எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அடியில் பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கிறது, பாதி அழிந்துவிட்டது. பள்ளிவாசலில் கேட்டேன், அவர்களுடையது இல்லையாம். யாருடையதோ, தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் கோவில் அசன விருந்துக்கு அதில்தான் சாம்பார் வைத்தோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.