கழுத்து மட்டும் இளக வேண்டும்

டாலஸ்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, பதில் போடாததற்குத் திட்டாதே. உங்கள் பித்தளைக் குடப் பட்டறையை மகன் எடுத்து நடத்துகிறான் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. இங்கே என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி குறையில்லை.

ரிட்டயர் ஆன பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. சனிக்கிழமை தோறும் குறிபார்த்துச் சுடும் மைதானத்துக்குப் போகிறேன். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை இங்கே பலர் எறிவதில்லை. வீட்டிலேயே மறுபடி மருந்தும் குண்டும் அடைத்துக்கொள்கிறார்கள். நானும் ஆரம்பித்துவிட்டேன். அங்கேதான் உன் அப்பா நினைவுக்கு வந்தார்.

கூடு நூற்றுக்கு 70 செம்பு, 30 துத்தநாகம். சுடும்போது கழுத்து விரியும், அடுத்த முறை அச்சில் விட்டு அதைச் சுருக்க வேண்டும். நாலைந்து முறை இப்படி ஆனால், தட்டித் தட்டி இறுகிய உங்கள் குடம் மாதிரிதான், கழுத்து கெட்டியாகி விரிசல் விட்டுவிடும். அதனால் நடுவில் காய்ச்சி இளக்க வேண்டும். ஆனால் குடத்தைப் போல முழுவதும் காய்ச்சக் கூடாது. கழுத்தும் அதன் கீழே சரிந்து அகலும் தோளும் மட்டும். என் துப்பாக்கியின் .308 ரகத் தோட்டாவில் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை அழுத்தம் வரலாம். அடிப்பக்கம் இளகிவிட்டால் என் முகத்துக்குத்தான் ஆபத்து.

முதல் தடவை கேஸ் டார்ச்சை வைத்து, கழுத்து செக்கச் சிவக்கும் வரை ஐம்பது கூடுகளைக் காட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தன. குண்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால், வெண்ணெயில் இறங்குவது போல உள்ளே போய்விட்டது. கழுத்துக்குப் பிடிப்பே இல்லை. ஐம்பதும் குப்பைக்கு.

அப்புறம்தான் புத்தி வந்தது. நிறத்தை நம்பவே கூடாது. கழுத்தில் நீல வளையம் வந்தால் பதம் வந்தது என்கிறார்கள். போதுமான சூடு ஏறாதபோதும் அந்த நீலம் வரும், வெளிச்சத்தைப் பொறுத்தும் மாறும். இப்போது குறிப்பிட்ட சூட்டில் உருகும் டெம்பிலாக் என்ற பூச்சைக் கழுத்துக்குள் தடவிக்கொள்கிறேன். என்னுடையது 750 ஃபாரன்ஹீட்டில், அதாவது ஏறக்குறைய 400 செல்சியஸில் உருகும். 450 ஃபாரன்ஹீட்டில் உருகுவதை அடிப்பக்கம் பூசுகிறேன். மேலே உருக வேண்டும், கீழே உருகக் கூடாது.

அதுவும் சூட்டைத்தான் சொல்லும், பதத்தைச் சொல்லாது. அதற்கு ஒரு கூட்டைப் பலி கொடுத்தாக வேண்டும். குறட்டால் கழுத்தை லேசாக நசுக்கிவிட்டு விடுகிறேன். காய்ச்சாதது வீம்பு பிடித்து எதிர்க்கும், விட்டதும் துள்ளிப் பழைய வட்டத்துக்கே வந்துவிடும். அதிகமாகக் காய்ந்தது ஈயத் தகடு மாதிரி மடங்கி அப்படியே கிடக்கும். சரியானது சுலபமாக வளைந்து கொடுக்கும், விட்டதும் கொஞ்சம் மீளும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கைக்குப் பிடிபட, கம்பெனியிலிருந்து வந்த புதுக் கூடு ஒன்றையும் பக்கத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, ஆனால் வேறு வழியில்லை.

உனக்குப் பிடிக்கும் கதை ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் நம் நாட்டில் குதிரை லாயத்தில் வைத்த தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டனவாம். பித்தளையை இழுத்து அடித்ததில் உள்ளே தங்கிய இறுக்கமும் குதிரை மூத்திரத்து அம்மோனியாவும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல்தான் விளக்கினார்கள்.

ஒரு கூட்டை உனக்குக் கொண்டுவந்து காட்ட ஆசை. வெறும் கூடுதான் என்றாலும் சென்னை விமான நிலையத்தில் யார் பதில் சொல்வது?

ஒன்று மட்டும் எழுது. காய்ச்சிய குடத்தை உன் அப்பா தண்ணீரில் போடுவாரா, தானாக ஆற விடுவாரா? தண்ணீரில் போட்டால் காய்ச்சிய எஃகு மாதிரி இறுகிவிடும் என்று இங்கே ஒருவர் அடம்பிடிக்கிறார். பித்தளைக்கு அந்தக் கதையே கிடையாது, தண்ணீரில் போட்டால் கூட்டின் சூடு அடிப்பக்கம் இறங்காமல் நிற்கும், அவ்வளவுதான் என்கிறேன். நம்ப மாட்டேன் என்கிறார். கும்பகோணத்துப் பட்டறையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று காட்டினால் ஒருவேளை வாயடைப்பார்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய பெஞ்சுக்காரன்