எமர்சனை இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள்

பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கும், பாடநூலும் வினாத்தாளும் எழுதும் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் எமர்சன் பெயர் இரண்டு இடத்தில் வரும்: சிவப்பு வீழ்ச்சி (நீண்ட அலைநீளச் சிவப்பு ஒளியில் ஒளிச்சேர்க்கையின் திறன் சட்டென்று விழுவது), மேம்படுத்தும் விளைவு (இரண்டு அலைநீள ஒளியைச் சேர்த்துக் கொடுத்தால், தனித்தனியே கிடைத்ததன் கூட்டுத்தொகையைவிட அதிகம் கிடைப்பது). இரண்டு மதிப்பெண் விடையாக அவர் சுருங்கிப்போயிருக்கிறார். ஒளிச்சேர்க்கையை அளப்பதுதான் எங்கள் அன்றாட வேலை. அந்த வேலைக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தவர்களில் அவர் முதல் வரிசைக்காரர். அதனால் உரிமையோடு கேட்கிறோம்: அவர் என்ன கண்டார் என்பதோடு, எப்படி அளந்தார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

முதலில், வகுப்பறைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழை. "680 நானோமீட்டர் அலைநீளத்துக்கு மேல் பச்சையம் ஒளியை உறிஞ்சாது, அதனால் ஒளிச்சேர்க்கை விழுகிறது" என்று சிவப்பு வீழ்ச்சிக்கு விளக்கம் சொல்லப்படுகிறது. இது தவறு. 690இல் குளோரெல்லா பாசி ஒளியை இன்னும் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது. 1943இல் எமர்சனும் சார்ல்டன் லூயிஸும் வரைந்த கோடு, விழுந்த ஒளிக்கான கணக்கு அல்ல; உறிஞ்சிய ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் (ஒளித்துகளுக்கும்) எவ்வளவு ஆக்சிஜன் வந்தது என்ற கணக்கு. மழை குறைந்து மகசூல் குறைவது வேறு. மண்ணில் இறங்கிய மழைக்கு ஏற்ற மகசூல் வராதது வேறு. இரண்டாவதுதான் புதிர். அந்தப் புதிரை மறைத்துவிட்டால், ஒளியைப் பிடித்து வேலை செய்யும் இரண்டு நிறமித் தொகுப்புகள், அதாவது இரண்டு ஒளி அமைப்புகள், ஏன் தேவைப்பட்டன என்று எந்த மாணவருக்கும் புரியாது.

அடுத்தது, பாடத்தில் அநேகமாக வராத பெரிய வழக்கு. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு வெளிவர எத்தனை ஃபோட்டான் வேண்டும்? பெர்லினில் ஓட்டோ வார்பர்க் 4 என்றார். 1931இல் நோபல் பரிசு பெற்றவர். 1927இல் எமர்சன் முனைவர் பட்டம் வாங்கியது அவரிடம்தான். அந்த மாணவருக்கோ 10 முதல் 12 வரை வந்தது. 8க்குக் கீழே இறங்கவில்லை. 680 நானோமீட்டர் ஒளியில் ஒரு மோல் ஃபோட்டான் சுமார் 176 கிலோஜூல். ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடை மாவுச்சத்தின் நிலைக்கு உயர்த்தச் சுமார் 480 கிலோஜூல் வேண்டும். 4 என்றால் செயல்திறன் 68 சதவீதம், 8 என்றால் 34. இயற்கையின் மிகப் பெரிய ஆற்றல் கணக்கில் இரண்டு மடங்கு வித்தியாசம்!

தவறு எங்கே நுழைந்தது என்பதைத்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும். இருவரும் பயன்படுத்தியது அழுத்தமானி. குடுவையில் பாசி, பக்கத்துக் குழாயில் திரவமட்டம். அது அழுத்தத்தைக் காட்டுமே தவிர, எந்த வாயு என்று சொல்லாது. விளக்கைப் போட்ட முதல் சில நிமிடங்களில் பாசி கார்பன் டை ஆக்சைடை ஒரு மூச்சாக வெளியே தள்ளுகிறது. வாயுக்களின் விகிதம் மாறாது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அதுவும் ஆக்சிஜன் கணக்கில் ஏறிவிடும். விளக்கை அணைத்ததும் அதே வாயு உள்ளே திரும்புகிறது. அப்போது அழுத்தம் கூடுதலாகக் குறைந்து, சுவாசம் அதிகம் என்று காட்டும். சுவாசத்துக்கான திருத்தத்தைக் கூட்டும்போது பிழை இன்னும் ஏறும். சில நிமிடம் ஒளி, சில நிமிடம் இருள் என்று மாற்றி மாற்றி அளந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை.

எமர்சன் இதற்கு இரண்டு வழிகளைக் கையாண்டார். ஒன்று, கார்பனேட், பைகார்பனேட் கலந்த தாங்கல் கரைசல். அது கார்பன் டை ஆக்சைடின் அளவை நிலையாகப் பிடித்துக்கொள்ளும். அழுத்தத்தை மாற்ற ஆக்சிஜன் மட்டுமே மிஞ்சும். கார ஊடகம் செல்லைக் கெடுக்காதா என்ற ஆட்சேபம் உண்டு. அதற்கு இரண்டாவது வழி: ஒரே பாசி, ஒரே ஒளி, ஆனால் திரவமும் வாயு இடமும் வெவ்வேறு விகிதத்தில் உள்ள இரண்டு குடுவைகள். தெரியாதவை இரண்டு, சமன்பாடு இரண்டு. கணித வகுப்பில் பிள்ளைகள் தினமும் தீர்ப்பதுதான்.

வார்பர்க் 1948இல் இல்லினாய்ஸ் மாநிலம் அர்பானாவுக்கே வந்து, எமர்சனின் ஆய்வகத்தில் மாதக்கணக்கில் இருந்தார். உடன்பாடு ஏற்படவில்லை. கடைசிவரை வார்பர்க் ஏற்கவும் இல்லை. அறிவியல் எமர்சன் பக்கம் நின்றது.

1957இல் மேம்படுத்தும் விளைவு வந்தது. இதற்கு ஒரு கணக்குக் கொடுங்கள். 700 நானோமீட்டர் ஒளி மட்டும் கொடுத்தால் ஆக்சிஜன் 10 அலகு, 650 மட்டும் 40, இரண்டும் சேர்ந்து 65 என்று வைத்துக்கொள்வோம். 65இல் 40 போக 25. அதை 10ஆல் வகுத்தால் மேம்பாடு 2.5. ஒன்றுக்கு மேல் போனாலே இரண்டு ஒளிகளும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன என்று பொருள். ஆனால் எமர்சன் ஒரு இடத்தில் சறுக்கினார் என்பதையும் சொல்லுங்கள். ஒளிச்சேர்க்கையில் இரண்டு ஒளி வினைகள் உண்டு; அவற்றில் ஒரு வினையைப் பச்சையம் ஏயும், மற்றதைப் பச்சையம் பி போன்ற துணை நிறமிகளும் நடத்துகின்றன என்று அவர் நினைத்தார். அதைத் திருத்தியவர் அவருடைய மாணவரே. அலகாபாத்திலிருந்து 1956இல் அர்பானா போன கோவிந்ஜி, யூஜின் ரபினோவிட்சுடன் சேர்ந்து, பச்சையம் ஏ இரண்டு வினையிலும் இருக்கிறது என்று 1960இல் காட்டினார். எமர்சன் அதைப் பார்க்கவில்லை. 1959 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஆற்றில் விழுந்த விமானத்தில், 55 வயதில் இறந்துபோனார்.

செய்முறைக்கும் ஒரு யோசனை. 300 மில்லி நீரில் 0.6 கிராம் சமையல் சோடா, ஒரு சொட்டுத் திரவ சோப்பு. நுரை வந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். பாலக் கீரையின் நடு நரம்பைத் தவிர்த்துப் பத்து வட்டுகள். ஊசியில்லாத சிரிஞ்சில் கரைசலோடு போட்டு, முனையை விரலால் அடைத்து இழுத்துப் பத்து விநாடி பிடியுங்கள். வட்டுகள் மூழ்கும்வரை இரண்டு மூன்று முறை. பிறகு 660 நானோமீட்டர் எல்இடியின் கீழே பாதி வட்டுகள் மிதக்க ஆகும் நேரத்தைக் குறியுங்கள். வெந்நீராகிவிடாமல் விளக்குக்கும் குவளைக்கும் நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டி வையுங்கள். அடுத்து 730 நானோமீட்டர் எல்இடி. வட்டுகள் அடியிலேயே கிடக்கும்.

இங்கேதான் வினாத்தாள் குழுவினரிடம் எங்கள் வேண்டுகோள். "சிவப்பு வீழ்ச்சி என்றால் என்ன?" என்ற கேள்விக்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: "730இல் வட்டுகள் மிதக்கவில்லை. இது சிவப்பு வீழ்ச்சியை நிரூபிக்கிறதா? நிரூபிக்க வேறு எதை அளந்திருக்க வேண்டும்?" ஐந்து மதிப்பெண் கொடுங்கள்.