பிக்னிக்கும் கூட்டாஞ்சோறும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளின் பிக்னிக் பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையில், அச்சொல்லுக்கு நெடுகிலும் 'சுற்றுலா' என்றே தமிழ் தரப்பட்டிருந்தது. 'டூர்' என்பதற்குச் சுற்றுலா மிகப் பொருத்தமான சொல். அதன் கிரேக்க வேரே வட்டம் வரையும் கருவியைக் குறிப்பதுதான். பிக்னிக் பிறந்தபோதோ அதில் பயணமே இல்லை, சாப்பாடுதான் இருந்தது.

பதினேழாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சில் வழங்கிய 'பீக்நீக்', அவரவர் பங்கைக் கொண்டுவந்தோ அவரவர் செலவை அவரவரே கொடுத்தோ கூடி உண்ணும் விருந்தைக் குறித்தது. அதன் முன்பாதி, கொத்துதல், கொறித்தல் எனப் பொருள்படும் வினையிலிருந்து வந்தது என்பர். ஆங்கிலத்தில், 1748-இல் செஸ்டர்ஃபீல்டு பிரபு ஜெர்மனியிலிருந்த தம் மகனுக்கு எழுதிய கடிதத்தில் இச்சொல் வருகிறது. அங்கே பேச்சு சீட்டாட்டம் நடந்த ஒரு கூடுகையைப் பற்றியது, புல்வெளியைப் பற்றியதன்று. 1802-இல் லண்டனில் 'பிக்னிக் சங்கம்' என்றே ஒன்று இயங்கியது. யார் எந்தப் பண்டம் கொண்டுவருவது என்று சீட்டுக் குலுக்கி எடுத்து, கூடி உண்டு, நாடகமும் போட்டார்கள். எல்லாம் நான்கு சுவருக்குள்தான். தம் நாடகக் கொட்டகைக்கு வரும் கூட்டம் குறைந்துவிடுமென்று நாடக ஆசிரியர் ஷெரிடன் அதை எதிர்த்தார். ஓவியர் கில்ரே அச்சங்கத்தைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். திறந்தவெளி என்னும் பொருள் வலுத்ததும் பங்கு என்னும் பொருள் தேய்ந்ததும் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களைத் தூக்கிலிட்டுக் கொன்றதை வேடிக்கை பார்த்த கூட்டங்களிலிருந்து இச்சொல் பிறந்ததாக ஒரு செய்தி கைபேசிகளில் அவ்வப்போது சுற்றுகிறது. அக்கொடுமை உண்மை, திருவிழாபோல் கூட்டம் கூடியதும் உண்மை; ஆனால் சொல் அதற்கு வெகுகாலம் முந்தியது. அம்மக்கள் பட்ட துயரைச் சொல்வதற்குப் பொய்யான சொற்பிறப்பு தேவையில்லை.

நான் வளர்ந்த தாமிரபரணிக் கரைச் சிற்றூரில், கோடை விடுமுறையில் ஆளுக்கொரு பிடி அரிசியும், ஒருத்தி பருப்பும், ஒருவன் கொல்லையில் ஒடித்த முருங்கைக்கீரையும் கொண்டுவர, மூன்று கல் கூட்டி, அத்தனையையும் ஒரே பானையில் வேகவைத்து, வாழையிலைத் துண்டுகளில் பகிர்ந்து தின்போம். அரிசி கொண்டுவர முடியாத பிள்ளை சுள்ளி பொறுக்கினால் போதும், அதுவும் பங்குதான். அதற்குக் கூட்டாஞ்சோறு என்று பெயர். பழைய பிரெஞ்சுச் சொல்லின் பொருளுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தெரியவில்லை.

தங்கள் கட்டுரையோடு வந்த படத்தில்கூடப் பிள்ளைகள் டிபன் டப்பாக்களை நடுவில் வைத்து, ஒருவர் சோற்றில் மற்றவர் கை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தகைய நிகழ்ச்சிகளுக்காவது இனிமேல் கூட்டாஞ்சோறு என்றே அச்சிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.