ஒருநாளும் சிரிப்பு வரவில்லையா? ஸ்காபரோ மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

"மாமா, இப்ப மட்டுமில்லை, அது ஒருநாளும் சிரிப்பாய் இருந்ததே இல்லை" என்று சற்றர்டே நைற் லைவ் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி பற்றிப் போன கிழமை குடும்ப வட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டாய். அங்கே பதில் எழுதினால் உன் அப்பா அதில் நடித்த மைக் மயர்ஸின் கதையைத் தொடங்குவார், பெரியம்மா காலை வணக்கப் பூப்படம் போடுவா, பேச்சு அதோடு சரி. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அப்பாவும் வாசிப்பார், தெரியும். வாசிக்கட்டும்.

முதலில் உன் பக்க நியாயம். ஐம்பதாவது ஆண்டு என்று 2025 பெப்ரவரியில் நியூயோர்க்கில் தடபுடலாகக் கொண்டாடினார்களே, அதைப் பார்த்துவிட்டு நீ நேரே முதல் நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறாய். 1975 ஒக்டோபர் 11. ஏமாந்திருப்பாய். அன்று தொகுத்து வழங்க வந்த ஜோர்ஜ் கார்லின் ஒரு ஸ்கெட்சில்கூட, அதாவது ஒரு குட்டி நகைச்சுவைக் காட்சியில்கூட, நடிக்கவில்லை. நடுநடுவே வந்து தனியாகப் பேசிவிட்டுப் போனார். பில்லி பிறெஸ்ரன், ஜனிஸ் அயன் என்று இரண்டு பாடகர்கள், ஜிம் ஹென்சனின் பொம்மைகள், அல்பேர்ட் புறூக்ஸின் குறும்படம். எங்கள் ஊர்த் திருவிழாவில் கடைசி நாள் கலைநிகழ்ச்சி மாதிரி, யாருக்கெல்லாம் மேடை தருவதாக வாக்குக் கொடுத்தார்களோ அவர்கள் எல்லாரும் ஏறி இறங்குகிறார்கள். பகிடி எங்கே என்று தேட வேண்டிக் கிடக்கிறது.

ஆனால் அதற்குள் இரண்டு இடங்கள் இருக்கின்றன. நீ அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

ஒன்று அன்டி கௌஃப்மன். ஒரு றெக்கோட் பிளேயரை வைத்துவிட்டு அதற்குப் பக்கத்தில் நிற்கிறார். மைற்றி மவுஸ் என்ற பழைய கார்ட்டூனின் பாட்டு ஓடுகிறது. அவர் ஒன்றும் செய்வதில்லை. முழிக்கிறார். என்ன செய்வதென்று தெரியாமல் மேடையில் ஏற்றிவிடப்பட்ட பிள்ளையின் முகம். பாட்டில் அந்த எலி "காப்பாற்ற நான் வந்துவிட்டேன்" என்று முழங்குகிற ஒரேயொரு வரி வரும்போது மட்டும் கையை வீசி, நெஞ்சை நிமிர்த்தி, பெரிய பாடகர் போல வாயசைக்கிறார். வரி முடிந்ததும் பழையபடி முழி. இடையில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்கிறார். அவ்வளவுதான். இதை என் போனில் அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "ஆர் இந்த விசர்ப் பொடியன்?" என்று கேட்டவ, இரண்டாம் தரம் அவன் கையை வீசினபோது சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அம்மம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, அந்தக் கார்ட்டூனும் தெரியாது. ஐம்பது வருடம் கழித்து, திருகோணமலை அலஸ்தோட்டத்தில், ஒரு கைத்தொலைபேசியில் வேலை செய்கிற பகிடியை "ஒருநாளும் இல்லை" என்ற கணக்கில் சேர்க்க முடியாது.

மற்றது, நிகழ்ச்சியின் முதல் காட்சியே. ஆங்கிலம் படிக்க வந்த வெளிநாட்டுக்காரராக ஜோன் பெலூஷி. ஆசிரியர் மைக்கேல் ஓடனஹியூ. அந்தப் பாடத்தில் வருகிற வசனமெல்லாம் வூல்வரின் என்ற மூர்க்கமான காட்டு விலங்கைப் பற்றியது. "உங்கள் விரல் நுனிகளை வூல்வரின்களுக்குத் தின்னக் கொடுக்க விரும்புகிறேன்" என்று ஆசிரியர் சொல்ல, பெலூஷி பயபக்தியோடு திருப்பிச் சொல்கிறார். திடீரென்று ஆசிரியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போகிறார். பெலூஷி ஒரு கணம் யோசிக்கிறார். பிறகு அதையும் பாடம் என்று எடுத்துக்கொண்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தானும் விழுகிறார்.

உனக்கு இது சிரிப்பு வராது. நீ ஆங்கிலத்துக்குள்ளேயே பிறந்த பிள்ளை. உன் அம்மா ரொறொன்ரோவுக்குப் போன புதிதில் பனிக்குள்ளால் நடந்து ஆங்கில வகுப்புக்குப் போய் வந்து எனக்குப் போன் எடுப்பா. "எங்கள் தபால்காரர் நாய்களுக்குப் பயப்படுவதில்லை" என்று ஒருநாள் முழுக்கச் சொல்ல வைத்தார்களாம். திருகோணமலையில் தபால்காரருக்கும் நாய்க்கும் என்ன பிரச்சினை இருந்தது, நான் ஏன் இதைச் சொல்ல வேணும் என்று கேட்பா. அம்மாவைக் கூட்டி வைத்துக்கொண்டு அந்தக் காட்சியைத் திரும்பப் பார். யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

சரி, என் கட்சி என்ன? தொண்ணூறு நிமிட நிகழ்ச்சியில் பத்து நிமிடம் சிரிப்பு வரும். 1975-லும் பத்து, இன்றும் பத்து. மிச்ச நேரம் அந்தப் பத்துக்குக் கொடுக்கிற விலை. அவர்கள் வேலை செய்கிற முறையைப் பார்த்தால் வேறு மாதிரி வர வழியே இல்லை.

திங்கட்கிழமை அந்தக் கிழமைக்கான விருந்தாளியோடு கூடிப் பேசுவார்கள். செவ்வாய் இரவு விடிய விடிய எழுத்து. புதன்கிழமை மேசையைச் சுற்றியிருந்து நாற்பது ஸ்கெட்ச் அளவில் வாசிப்பார்கள். பத்துப் பன்னிரண்டு தப்பும். பிறகு இரண்டு நாளில் செட், உடுப்பு, விக். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு உண்மையான பார்வையாளர்களை வைத்தே ஒத்திகை. அதில் சிரிப்பு விழாதது வெட்டுப்படும், மிச்சம் மாற்றப்படும், 11.30-க்கு நேரலை. நிகழ்ச்சி தயாராகிவிட்டது என்பதற்காகப் போவதில்லை, 11.30 ஆகிவிட்டது என்பதற்காகப் போகிறது என்பது அதைத் தொடங்கிய லோர்ன் மைக்கேல்ஸ் வழக்கமாகச் சொல்வது. "எல்லாரும் எங்கேயோ பக்கத்தில் பார்த்து வாசிக்கிறார்கள்" என்று நீ குறை சொன்னாயே, அவர்கள் பார்ப்பது கையால் எழுதிப் பிடிக்கிற அட்டைகளை. கடைசி நிமிடம் வரை வசனம் மாறிக்கொண்டிருக்கும்போது மனப்பாடம் செய்து என்ன பலன்?

மேடை நாடகம் போட்டவனுக்கு இது விளங்கும். நாங்கள் பொடியன்களாக இருந்த காலத்தில் மாதக்கணக்கில் பழகிப் போட்ட நகைச்சுவை நாடகம் ஒன்றில் நாங்கள் எழுதின ஒரு பகிடிக்கும் சனம் சிரிக்கவில்லை. மைக் நின்றுபோய், விதானையாராக நடித்தவன் "ஆற்றை வீட்டுக் கரண்டப்பா இது?" என்று கத்தினபோதுதான் மைதானமே அதிர்ந்தது. எழுதி வைத்துக் கொண்டுவர முடியாத சிரிப்பு ஒன்று இருக்கிறது. அது வர வேண்டுமென்றால் பிழைக்கவும் இடம் விட வேண்டும்.

2000 ஏப்ரலில் வந்த அந்த மாட்டுமணி ஸ்கெட்சைப் பார். ஒரு றொக் இசைக்குழு ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கிறது. வில் ஃபெரல் மாட்டுமணியைத் தட்டிக்கொண்டு எல்லாருக்கும் இடைஞ்சலாக ஆடுகிறார். தயாரிப்பாளராக வருகிற கிறிஸ்ரோபர் வோக்கனோ முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் "இன்னும் மாட்டுமணி வேண்டும்" என்கிறார். தாளில் எழுதினால் இது ஒன்றுமே இல்லை. ஒத்திகையில் போட்டதைவிடச் சின்னச் சட்டையை ஃபெரல் நேரலைக்குப் போட்டுக்கொண்டு வந்தார் என்று கூட நடித்த ஜிம்மி ஃபலன் பிறகு சொல்லியிருக்கிறார். வயிறு வெளியே. பக்கத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பை அடக்கப் படுகிற பாடுதான் பாதிப் பகிடி. ஃபலன் இப்படி அடக்க முடியாமல் அடிக்கடி சிரித்து அலுக்க வைத்தார் என்பது வேறு கதை.

நல்ல கிழமை, கெட்ட கிழமை மாதிரியே கெட்ட வருடமும் உண்டு. 1980-ல் லோர்ன் போனார், நடிகர்களும் போனார்கள். அடுத்து வந்த ஜீன் டுமேனியன் ஒரு பருவம்கூட முடிக்கவில்லை. அந்தப் பருவத்தைத்தான் எல்லாரும் படுதோல்வி என்கிறார்கள். ஆனால் எடி மேர்ஃபி வந்ததும் அதில்தான், பத்தொன்பது வயதில். 1985-ல் லோர்ன் திரும்பி வந்து போட்ட முதல் பருவமும் படுத்தது. நிகழ்ச்சியையே நிறுத்தப் பார்த்தார்கள்.

இனி அப்பாவின் விஷயம். அவர் சொல்கிற பொற்காலம் 1989-க்குப் பிறகு, மைக் மயர்ஸ், டேனா கார்வி, கிறிஸ் ஃபார்லி இருந்த ஆண்டுகள். ஒவ்வொருவரும் தாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இருந்த நடிகர்களைத்தான் சிறந்தவர்கள் என்று நினைக்கிறார்கள் என்று லோர்ன் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அப்பா அப்போது பள்ளிக்கூடத்தில் இல்லை. வேலை முடிந்து வந்து, நிலக்கீழ் அறையில் நாலு பேரோடு இருந்து, பாதி விளங்கியும் விளங்காமலும் பார்த்தவர். ஆனால் புதிதாகப் போய் இறங்கினவனுக்கு அதுதான் இரண்டாவது பள்ளிக்கூடம். அதிலும் மைக் மயர்ஸ் ஸ்காபரோவில் பிறந்தவர். அவர் நடித்த வெயின் என்ற பாத்திரத்தின் நிலக்கீழ் அறையும் அப்பாவின் நிலக்கீழ் அறையும் ஒரே ஊர்க்காற்றுத்தான். அவர் சிரித்த சிரிப்பு அவருக்கு உண்மை. அதை உன்னிடம் பகிடி என்று விற்கப் பார்ப்பதுதான் பிழை.

எங்களுக்கும் அந்த வியாதி உண்டு. இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' போகும்போது தெருவே அமைதியாகிவிடும் என்று என் தலைமுறைக்கு மூத்தவர்கள் கண்ணைச் செருகிக்கொண்டு சொல்வார்கள். மரைக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாக செல்வசேகரன். ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு தமிழ். முஸ்லிம், தமிழர், சிங்களவர் மூவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற திருகோணமலையில் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கே.எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனி ஒருவர் பஸ் முழுவதையும் மேடைக்குக் கொண்டுவருகிற வித்தை. பக்கத்து வீட்டுப் பொடியன்களுக்கு அதைப் போட்டேன். கொண்டக்டர் ஆட்களை உள்ளே தள்ளித் தள்ளி அடுக்குகிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிலாவெளி பஸ்ஸில் தினமும் படுகிற பாடு. மற்ற இடங்களில் என் முகத்தைப் பார்த்தார்கள்.

தமிழ்ப் படங்களைக் கிண்டல் செய்த 'லொள்ளு சபா' தொலைக்காட்சி நிகழ்ச்சியும் அப்படித்தான். எந்தப் படத்தைக் கிண்டல் செய்கிறார்கள் என்று தெரியாவிட்டால் பாதி போய்விடும். மனோகர் நடந்து வருகிற விதத்துக்கு மட்டும் எந்தப் படமும் பார்த்திருக்கத் தேவையில்லை. கௌஃப்மனின் கை வீச்சும் அந்த இனம்தான்.

அரசியல் பகிடிதான் சீக்கிரம் புளிக்கிறது. செவி சேஸ் ஜனாதிபதி ஃபோர்டாக வந்து தடக்கி விழுவார். முகத்தையோ குரலையோ மாற்றவும் இல்லை. இன்று பார்த்தால் ஒரு மனிதர் விழுகிறார், அவ்வளவே. 2008-ல் துணை ஜனாதிபதி வேட்பாளர் சேரா பேலினாக ரீனா ஃபே நடித்தது வேறு தரம். "என் வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது" என்று பேலினே சொன்னதாகப் பலர் இன்றும் நினைக்கிறார்கள். அது ஃபேயின் வசனம். அலெக் பால்ட்வின் ட்ரம்பாக வந்த காலத்தைப் பற்றி நீ சொன்னால் நான் உன் பக்கம். அங்கே பார்வையாளர் சிரிப்பதைவிடக் கைதட்டுவதுதான் அதிகம். தான் நினைப்பதையே மேடையில் ஒருவர் சொன்னால் கைதட்டு வரும். சிரிப்பு வர, நினைக்காத ஒன்று வர வேண்டும்.

இன்னொரு குறையும் சரி. நல்ல யோசனை ஒன்று முதல் நிமிடத்தில் வந்துவிடும். பிறகு நாலு நிமிடம் அதையே இழுப்பார்கள். முடிவு தெரியாமல் இசையைப் போட்டு மூடுவார்கள். பிபிசியில் மொன்ரி பைதன் என்ற பிரித்தானிய நகைச்சுவைக் குழுக்காரர்கள் முடிவே தேவையில்லை என்று நடுவில் வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். ஆனால் அவர்கள் செய்தது மொத்தம் 45 நிகழ்ச்சி. இவர்கள் ஏறத்தாழ ஆயிரம்.

அதனால் யூரியூப் துண்டுகளை விடு. அதில் நல்லதை மட்டும் பார்த்தால் அப்பா மாதிரி ஆவாய், கெட்டதை மட்டும் பார்த்தால் இப்போது இருக்கிற மாதிரி இருப்பாய். புதிய நிகழ்ச்சி வருகிற ஒரு சனிக்கிழமை, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, 11.30-லிருந்து ஒரு மணி வரை முழுதாக இருந்து பார். முக்கியமாகக் கடைசிப் பத்து நிமிடம். பாதிப்பேர் தூங்கிய பிறகு போகிற அந்தக் கடைசி ஸ்கெட்சில்தான் எழுத்தாளர்கள் தங்கள் விசரையெல்லாம் அவிழ்த்து விடுவார்கள். உனக்குக் கோடைகால நேரம் என்றால் அது தொடங்கும்போது இங்கே ஞாயிறு காலை ஒன்பது. நான் மீன் வாங்கி வந்து வெட்டிக்கொண்டிருப்பேன். முடிந்ததும் எடு. எத்தனை நிமிடம் சிரித்தாய் என்று நேர்மையாகச் சொல். பத்துக்குக் குறைந்தால் குடும்பக் குழுவில், அப்பாவுக்கு முன்னால், நீ சொன்னதுதான் சரி என்று நானே எழுதுகிறேன்.

அன்புடன்,
மாமா
திருகோணமலை